ஹைபர்நேட் செய்தால் லேப்டாப் திரும்ப எழவில்லையா? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹைபர்நேட் பற்றியவை. லேப்டாப் சர்வீஸ்தான் என் தொழில் என்பதால் இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கிறேன். வருகிறவர்களில் பலர், யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸை ஃபார்மட் செய்துவிட்டு, அப்படியும் சரியாகாமல்தான் வருகிறார்கள். அதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கும். ஏன் ஹைபர்நேட் ஆகவில்லை, யார் எழுப்பினார்கள் என்பதையெல்லாம் பெரும்பாலும் லேப்டாப்பே குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் எதிலும் கை வைக்க வேண்டும்.

பதில்களில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்நேட்டில் ரேமில் இருப்பவை சி டிரைவில் 'ஹைபர்ஃபில் டாட் சிஸ்' என்ற மறைவான ஃபைலில் எழுதப்பட்டு, லேப்டாப் முழுதாக அணைந்துவிடும். மறுபடி பவர் பட்டனை அழுத்தும்போது அந்த ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அடுத்தது, விண்டோஸில் இருக்கும் ஒரு கட்டளை. 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து டைப் செய்ய வேண்டும். இங்கே அதைப் 'பவர்சிஎஃப்ஜி' என்று எழுதுகிறேன். ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்று டைப் செய்தால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள். நான் 'சாய்கோடு' என்று சொல்வது, கீபோர்டில் கேள்விக்குறியோடு ஒரே விசையில் இருக்கும் கோடு.

கேள்வி: வணக்கம் மேடம். என் பழைய லேப்டாப்பில் ஷட் டவுன் மெனுவிலேயே ஹைபர்நேட் இருந்தது. புதிதாக வாங்கியதில் ஸ்லீப், ஷட் டவுன், ரீஸ்டார்ட் மட்டும்தான் இருக்கிறது. இதில் அந்த வசதியே கிடையாதா?

வசதி இருக்கும், மெனுவில் காட்டவில்லை, அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று இருக்கும். உள்ளே போனால் கீழே இருக்கும் டிக் கட்டங்கள் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கும். மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்' என்ற வரியை அழுத்தினால் அவை திறக்கும். ஹைபர்நேட்டுக்கு டிக் போட்டு சேவ் செய்யுங்கள்.

அந்தப் பட்டியலிலும் ஹைபர்நேட் இல்லையென்றால், லேப்டாப்பிடமே கேட்கலாம். பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஏ. உங்கள் லேப்டாப்பில் எந்தெந்த உறக்க நிலைகள் உண்டு, எவை இல்லை, இல்லாததற்கு என்ன காரணம் என்று பட்டியல் வரும். ஹைபர்நேஷன் இயக்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ஹெச், இடைவெளி, ஆன் என்று கொடுங்கள். ஃபைலின் வகை ஹைபர்நேஷனுக்கு ஏற்றதல்ல என்று வந்தால், இடத்தை மிச்சப்படுத்த அந்த ஃபைலை யாரோ சின்ன வகைக்கு மாற்றியிருக்கிறார்கள். சாய்கோடு ஹெச், சாய்கோடு டைப், ஃபுல் என்று கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால், அங்குள்ள கணினிப் பிரிவே இதை அடைத்து வைத்திருக்கலாம். அப்படியானால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: இரவு ஹைபர்நேட் செய்துவிட்டுப் பையில் வைக்கிறேன். காலையில் எடுத்தால் லேப்டாப் கொதிக்கிறது, பேட்டரி காலி. சில நாள் ஃபேன் ஓடும் சத்தமே பைக்குள்ளிருந்து கேட்கிறது. மதர்போர்டு கோளாறா?

மதர்போர்டைக் குறை சொல்ல இப்போதைக்கு ஒன்றுமில்லை. நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்பதை முதலில் பார்ப்போம். 'ஹைபர்நேட் செய்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். மெனுவில் அழுத்துகிறீர்களா, அல்லது மூடியை மட்டும் மூடுகிறீர்களா? இந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்பேன், பெரும்பாலும் 'மூடிதான் மூடுவேன்' என்றுதான் பதில் வரும். மூடியை மூடினால் ஸ்லீப் என்பதுதான் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கும் செட்டிங்.

பழைய லேப்டாப்புகளின் ஸ்லீப்பில் ரேமைத் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாம் அணைந்திருக்கும். இப்போது வருகிறவற்றில் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற வேறு முறை பரவலாக இருக்கிறது. செல்போன் போலத் திரை மட்டும் அணைந்து, உள்ளே குறைந்த மின்சாரத்தில் லேப்டாப் விழித்தே இருக்கும். மெயில் வாங்கும், அப்டேட் தேடும். ஏதாவது ஒரு டிரைவரோ (லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) புரோகிராமோ ஒழுங்காகப் படுக்கவில்லையென்றால் பிராசஸர் ஓடிக்கொண்டே இருக்கும். பைக்குள் காற்றோட்டம் கிடையாது, சூடு ஏறத்தான் செய்யும். முன்பு சொன்ன சாய்கோடு ஏ பட்டியலில், உண்டு என்று காட்டும் நிலைகளில் 'எஸ்0 லோ பவர் ஐடில்' இருந்தால் உங்களுடையது இந்த வகை.

இதற்கு நான் சொல்லும் வழி, மூடினாலே ஹைபர்நேட் ஆகும்படி வைத்துவிடுவது. பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்' என்ற இடத்தில் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்குமே ஹைபர்நேட் என்று மாற்றுங்கள். திறக்கும்போது கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும். பையில் வைத்துத் தூக்கிப் போகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மூடியவுடன் பையில் திணிக்காமல், பவர் விளக்கு முழுதாக அணையும்வரை பொறுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் சில நொடிகள் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நிமிடமும் ஆகலாம். அந்த நேரத்தில் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கிறது, அதைக் குலுக்கக் கூடாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அவசரமாக அணைக்கவும் கூடாது.

உண்மையாகவே ஹைபர்நேட் கொடுத்தும் தானாக எழுகிறது என்றால், யார் எழுப்பியது என்று கேட்க வேண்டும். லேப்டாப் எழுந்தவுடன் பவர்சிஎஃப்ஜி சாய்கோடு லாஸ்ட்வேக் என்று கொடுங்கள் (லாஸ்ட், வேக் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்). கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் சொல்லிவிடும். சாய்கோடு வேக்டைமர்ஸ் என்று கொடுத்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு எழுப்பச் சொல்லி எந்தப் புரோகிராம் அலாரம் வைத்திருக்கிறது என்று தெரியும். அப்டேட் வேலைகள் இங்கே அடிக்கடி மாட்டும். பவர் பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் 'அலவ் வேக் டைமர்ஸ்' இருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள்.

எழுப்பியது நெட்வொர்க் கார்டு என்று வந்தால், டிவைஸ் மேனேஜரில் அதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்' என்ற டிக்கை எடுங்கள். மவுஸுக்கும் இதே பக்கம் உண்டு. விண்டோஸுக்குள் எதுவும் சிக்கவில்லை என்றால் பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளின் செட்டிங்குகளைப் பாருங்கள். சார்ஜரைச் செருகினாலே ஆன் ஆவது, மூடியைத் திறந்தாலே ஆன் ஆவது, நெட்வொர்க் மூலம் ஆன் ஆவது என்ற செட்டிங்குகள் பல லேப்டாப்புகளின் பயாஸில் இருக்கின்றன. 'நான் தொடவே இல்லை, சார்ஜர் போட்டதும் எழுந்துவிட்டது' என்று சொல்கிறவர்களுக்கு விடை அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து, இருபது பக்கங்களைத் திறந்து வைத்தபடி ஹைபர்நேட் செய்வேன். திரும்ப ஆன் செய்தால் சில சமயம் கருப்புத் திரைதான். பவர் பட்டனைப் பிடித்து அணைத்துப் போட்டால் எல்லாம் போய், புதிதாக ஆரம்பிக்கிறது. இரண்டு முறை எழுதியதை இழந்துவிட்டேன். தயவுசெய்து உதவுங்கள்.

எழுதியது போவது எவ்வளவு வலி என்று தெரியும். அதனால் முதலில் ஒன்று: இதைச் சரிசெய்து முடிக்கும்வரை உங்கள் கட்டுரையை வைத்து ஹைபர்நேட்டைச் சோதிக்காதீர்கள். எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, நோட்பேடில் ஏதோ இரண்டு வரி எழுதி, அதைத் திறந்து வைத்துச் சோதியுங்கள். சரியான பிறகும், ஹைபர்நேட்டுக்கு முன் ஒருமுறை சேவ் கொடுக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

அடுத்த முறை கருப்புத் திரை வந்தால் பவர் பட்டனுக்குப் போகாமல் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் லேப்டாப் எழுந்துவிட்டது, உங்கள் கட்டுரையும் பத்திரமாக உள்ளே இருக்கிறது. திரை மட்டும்தான் வரவில்லை. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, 'பேட்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான பி-யை அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரை விண்டோஸ் அந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும், பல நேரம் திரை வந்துவிடும். வந்தால் குற்றவாளி கிராபிக்ஸ் டிரைவர்தான் என்றும் தெரிந்துவிடும். லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்துக்குப் போய், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அந்த மாடலுக்கென்றே இருக்கும் டிரைவரை எடுத்துப் போடுங்கள். கண்ட இடங்களிலிருந்து டிரைவர் தேடித் தரும் புரோகிராம்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லையா? அப்போது இன்னொரு சோதனை. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் லேப்டாப்பில் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் அடிப்படைப் பகுதி மட்டும் ஹைபர்நேட் ஆகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி ஆகாது, முழுதாகப் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுன் செய்து ஆன் செய்யும்போதும் கருப்புத் திரை வருகிறது, ரீஸ்டார்ட்டில் மட்டும் வருவதில்லை என்றால், எழுதி வைத்த ஃபைலிலிருந்து எழும் இடத்தில்தான் கோளாறு. ஒரு டிரைவர் மறுபடி விழிக்கத் தடுமாறுகிறது, அல்லது அந்த ஃபைல் கெட்டிருக்கிறது.

ஃபைலைப் புதுப்பிப்பது சுலபம். பவர்சிஎஃப்ஜி சாய்கோடு ஹெச் ஆஃப் என்று கொடுத்தால் பழைய ஃபைல் அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதே கட்டளையை ஆன் என்று கொடுத்தால் புதிதாக உருவாகும். பிறகு சி டிரைவில் எரர் செக்கிங் ஓடவிடுங்கள், டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருந்தால் தெரியவரும். டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால், யுஎஸ்பியில் செருகியவை, டாக், வெளித் திரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் லேப்டாப்பைச் சோதியுங்கள். அப்போது ஒழுங்காக எழுந்தால், ஒவ்வொன்றாகச் செருகி எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஹைபர்நேட்டில் இருக்கும்போது ரேம் மாற்றுவது, உள்ளே எதையாவது கழற்றுவது கூடவே கூடாது. எழுதி வைத்ததும் இப்போது இருப்பதும் ஒத்துவராமல் போகும். உள்ளே கை வைக்கும் முன் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுனை அழுத்துங்கள். அதுதான் முழுமையான ஷட் டவுன்.

வெறும் லேப்டாப்பும் எழவில்லை என்றால், கடைசியில் சிப்செட் டிரைவர், ஸ்டோரேஜ் டிரைவர், பயாஸ் மூன்றையும் கம்பெனியின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். இன்டெல் பிராசஸர் உள்ளவற்றில் 'மேனேஜ்மென்ட் என்ஜின்' என்ற டிரைவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரை அணைந்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்து, லேப்டாப் முழுதாக அணையாமல் நிற்கும் கோளாறு பல தடவை அதனால்தான் வருகிறது. பயாஸ் அப்டேட்டுக்கு முன் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதைச் சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அது கையில் இல்லாதவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கீயை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு தடயமும் இருக்கிறது. நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஹைபர்நேட் கொடுத்ததும் திரை மட்டும் அணைந்து, லேப்டாப் அணையாமல் லாக் ஸ்கிரீனுக்கே திரும்பி வரும் நாள்களும் உண்டா? சாதாரணமாக அந்த ஃபைலுக்கு ரேமின் அளவில் 40 சதவீதம்தான் ஒதுக்கப்படுகிறது. ரேமில் இருப்பதைச் சுருக்கி எழுதுவதால் பெரும்பாலும் அது போதும். நிறையத் திறந்திருக்கும் நாளில் போதாமல் போகலாம். சாய்கோடு ஹெச், சாய்கோடு சைஸ், 100 என்று கொடுத்தால் ரேம் அளவுக்கு முழு இடம் ஒதுக்கப்படும். சி டிரைவில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது. 12 ஜிபிக்கும் மேல் ஹைபர்ஃபில் என்ற ஃபைல் மட்டும் பிடித்திருக்கிறது. அழித்துவிடலாமா?

32 ஜிபி ரேம் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, கணக்கு சரியாக வருகிறது. ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் எனக்கு வேண்டவே வேண்டாம் என்றால், சாய்கோடு ஹெச் ஆஃப் கொடுங்கள், ஃபைல் போய்விடும். நேராக டெலீட் செய்யப் பார்க்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் போதும் என்றால் சாய்கோடு ஹெச், சாய்கோடு டைப், ரெட்யூஸ்டு என்று கொடுத்தால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆனால் லேப்டாப்பில் இதை அணைப்பது எனக்குப் பிடிக்காது. பேட்டரி தீரும் நேரத்தில் உங்கள் வேலையைக் காப்பாற்றுவது அந்த ஃபைல்தான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பழைய வீடியோக்களையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: அடிக்கடி ஹைபர்நேட் செய்தால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறைக்கு 6 ஜிபி எழுதுகிறது, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று வைத்தால் ஆண்டுக்கு நாலரை டெராபைட்டுக்கும் குறைவு. 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருபவை இருக்கின்றன. அந்த லேப்டாப்பையே நீங்கள் அத்தனை காலம் வைத்திருக்கப் போவதில்லை. பயப்படாமல் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பேட்டரி குறைந்தால் தானாக ஹைபர்நேட் ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஆனால் 15 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் எதுவும் இல்லை.

இது ஹைபர்நேட்டின் தவறில்லை, பேட்டரி வயதாகிவிட்டது. விண்டோஸில் வழக்கமாக 5 சதவீதத்தில்தான் ஹைபர்நேட் தொடங்கும். தேய்ந்த பேட்டரியில் 15 என்று காட்டுவதே உண்மையாக இருக்காது. வோல்டேஜ் சட்டென்று விழுந்து, எழுதத் தொடங்கும் முன்பே மின்சாரம் நின்றுவிடுகிறது.

பவர்சிஎஃப்ஜி சாய்கோடு பேட்டரிரிப்போர்ட் என்று கொடுங்கள் (இரண்டு சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும்). அறிக்கையை எந்த இடத்தில் சேமித்தது என்று காட்டும், அதைப் பிரௌசரில் திறங்கள். 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதில் இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இப்போது இருப்பது. 50,000 என்றிருந்த இடத்தில் இப்போது 25,000 என்று காட்டினால் பாதி போய்விட்டது என்று பொருள்.

புதுப் பேட்டரி வாங்கும்வரை ஒரு ஏற்பாடு செய்யலாம். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பேட்டரி என்ற தலைப்பின் கீழ் 'லோ பேட்டரி லெவல்' 35, 'கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்' 25 என்று உயர்த்துங்கள். லோ அளவை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கிரிட்டிக்கலை மாற்றுங்கள். 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்ஷன்' ஹைபர்நேட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ மூடி சரியாக மூடாமல் போனாலோ, எந்த ஏற்பாடும் வேண்டாம். உடனே நிறுத்திவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். உபுண்டுவில் ஹைபர்நேட் வரவில்லை. விண்டோஸ் பக்கத்து ஃபைல்களிலும் எழுத முடியவில்லை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஆபத்து அதில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஹைபர்நேட் ஆகியிருக்கும்போது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதி, அதாவது பார்ட்டிஷன், பாதி வேலையில் நிற்கிறது. அந்த நேரத்தில் வேறு சிஸ்டம் உள்ளே புகுந்து எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தான் நினைவில் வைத்திருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துவராமல் ஃபைல்கள் கெடும். அதனால்தான் உபுண்டு எழுத விடாமல் தடுக்கிறது, அதை வலுக்கட்டாயமாகத் தாண்டாதீர்கள். 'நான் ஷட் டவுன்தானே செய்தேன்' என்பீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுனும் பாதி ஹைபர்நேட்தான். இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே வைத்திருக்க வேண்டும். ஹைபர்நேட் டிக் இருக்கும் அதே பக்கத்தில் அதுவும் இருக்கிறது.

உபுண்டுவில் 2012-ல் வந்த 12.04 பதிப்பிலிருந்தே ஹைபர்நேட் முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. இயக்க வேண்டுமானால் ஸ்வாப், அதாவது ரேமில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம், போதுமான அளவு இருக்க வேண்டும், ரேம் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. ரேமுக்குள்ளேயே இயங்கும் இசட்ரேம் ஸ்வாப் இதற்கு உதவாது, ஏனென்றால் மின்சாரம் நின்றதும் அதுவும் போய்விடும். அப்புறம், எந்த ஸ்வாப்பிலிருந்து எழ வேண்டும் என்பதை உபுண்டுவின் மையப் பகுதியான கர்னலுக்கு 'ரெஸ்யூம்' என்ற அமைப்பில் சொல்ல வேண்டும். ஸ்வாப் தனிப் பார்ட்டிஷனாக இல்லாமல் ஃபைலாக இருந்தால், அது டிஸ்க்கில் தொடங்கும் இடத்தையும் 'ரெஸ்யூம் ஆஃப்செட்' என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து, சிஸ்டம்சிடிஎல் ஹைபர்நேட் என்ற கட்டளை அப்போதும் மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆனில் இருக்கும்போது உபுண்டுவின் கர்னல் தன்னைப் பூட்டிக்கொண்டு ஹைபர்நேட்டை அனுமதிப்பதில்லை. செக்யூர் பூட்டை அணைப்பதா, ஹைபர்நேட்டை விடுவதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் இருந்தால் செக்யூர் பூட்டைத் தொடும் முன்பும் அதைச் சஸ்பெண்ட் செய்துவிடுங்கள்.